சம்பா நெல்லை இயற்கை முறைக்கு மாற்றுவது எப்படி? முதல் ஏக்கருக்கான வழிகாட்டி

நகரத்து வேலையை விட்டுவிட்டோ, அப்பாவின் நிலம் கைக்கு வந்ததாலோ இயற்கை விவசாயத்தில் இறங்குபவர்கள் முதலில் கேட்பது, சாணமும் கோமியமும் கலந்து செய்கிற கரைசல்களான பஞ்சகவ்யத்துக்கு எத்தனை லிட்டர் கோமியம், ஜீவாமிர்தத்துக்கு எவ்வளவு வெல்லம் என்பதைத்தான். அதெல்லாம் ஐந்து நிமிடச் சங்கதி. அதற்கு முன்னால் இரண்டு கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்: இத்தனை நாள் யூரியா மூட்டையிலிருந்து வந்த தழைச்சத்து (நைட்ரஜன்) இனி எங்கிருந்து வரும்? விளைந்த நெல்லை யார், என்ன விலைக்கு வாங்குவார்கள்? இந்த இரண்டையும் யோசிக்காமல் இறங்கியவர்கள்தான் இரண்டாம் வருஷமே உரக்கடைக்குத் திரும்பிப் போகிறார்கள், போகிற போக்கில் இயற்கை விவசாயம் ஏமாற்று என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

இங்கே சொல்வது காவிரி டெல்டாவுக்கு, அதாவது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து நெல் வயலுக்கு, அதிலும் ஆவணியில் நாற்று விட்டுத் தையில் அறுக்கிற சம்பா பருவத்துக்கு. மானாவாரி நிலம், தென்னந்தோப்பு, காய்கறித் தோட்டம் எல்லாவற்றுக்கும் கணக்கு வேறு.

எவ்வளவு நிலம், எந்த வயல்

ஐந்து ஏக்கர் இருந்தாலும் ஒரு ஏக்கரில் தொடங்குங்கள். ஒரு மா, அதாவது ஏக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, போதும் என்றால் இன்னும் நல்லது. மொத்தமாக ஒரே நாளில் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இலங்கையில் 2021-இல் ரசாயன உர இறக்குமதியை அரசு திடீரென்று தடை செய்தது. மாற்று உரம் போதுமான அளவு கையில் இல்லை, உழவர்களுக்குப் பயிற்சியும் இல்லை. அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்திவிட்டார்கள், ஆனாலும் அடுத்து வந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் சரிந்து, நாடு அரிசி இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. அங்கே பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது உண்மைதான். இருந்தாலும் மண்ணைத் தயார் செய்யாமல் உரத்தை நிறுத்தினால் பயிர் பொறுத்துக்கொள்ளாது என்பது ஒரு ஏக்கருக்கும் பொருந்தும், ஒரு நாட்டுக்கும் பொருந்தும்.

எந்த வயலைத் தேர்ந்தெடுப்பது என்பதில் டெல்டாவுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இங்கே பல இடங்களில் தண்ணீர் வயல் விட்டு வயல் பாய்கிறது. மேலே இருக்கிற வயல்காரர் யூரியா போட்ட மறுநாள் மழை பெய்தால் அது உங்கள் வயலுக்குத்தான் வரும், அவர் அடிக்கிற களைக்கொல்லியும் அப்படித்தான். அதனால் வாய்க்காலிலிருந்து நேராக மடை திறந்து தண்ணீர் எடுக்கிற வயலாகப் பாருங்கள். அப்படி அமையவில்லை என்றால் மேல் பக்கத்து வரப்பை உயர்த்திக் கட்டி, ஓரமாக ஒரு சிறு வாய்க்கால் வெட்டி அந்தத் தண்ணீரைச் சுற்றிவிட வேண்டும். கொஞ்சம் நிலம் போகும், பரவாயில்லை. தண்ணீர் தேங்கி வடியாத பள்ள வயலை முதல் வருஷம் தொடாதீர்கள்.

விதைக்கும் முன்பே விற்பனை

அரசின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் இயற்கை நெல்லுக்கென்று தனி விலை கிடையாது. சன்னரகம், பொதுரகம் என்று இரண்டே விலைதான், நீங்கள் யூரியா போட்டீர்களா புண்ணாக்கு போட்டீர்களா என்று யாரும் கேட்கப் போவதில்லை. கருப்பு கவுனி, மாப்பிள்ளைச் சம்பா போன்ற நிற அரிசிகளை அங்கே கொண்டு போவதில் அர்த்தமே இல்லை. ஆக, இயற்கை நெல்லை நெல்லாக விற்றால் நஷ்டம், அரிசியாக்கி விற்றால்தான் ஏதாவது மிஞ்சும்.

இதைக் கேட்டதும் ஐயோ, வியாபாரமும் பண்ண வேண்டுமா என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். முதல் வருஷம் பாரம்பரிய ரகத்தில் ஏக்கருக்கு 60 கிலோ மூட்டையாக 20 மூட்டை கண்டால் நல்ல கண்டுமுதல் என்றே சொல்லலாம். 1,200 கிலோ நெல். அரைத்தால் சுமார் 60 சதவீதம் அரிசி, அதாவது 720 கிலோ. மாதம் 10 கிலோ வாங்குகிற வீடு வருஷத்துக்கு 120 கிலோ எடுக்கும். ஆறு வீடு கிடைத்தால் ஒரு ஏக்கர் முடிந்தது. உங்கள் வீடு ஒன்று, அக்கா வீடு, கூட வேலை பார்த்த நண்பர்கள் நாலு பேர். இந்த ஆறு பேரிடமும் ஆனியிலேயே பேசி, என்ன ரகம் சாப்பிடுவார்கள், பச்சரிசியா புழுங்கலா, பட்டை தீட்டியதா தீட்டாததா என்று கேட்டுவிட்டு அப்புறம் விதையைத் தேடுங்கள். இணையத்தில் கருப்பு கவுனி நல்ல விலைக்குப் போகிறது என்று பார்த்துவிட்டு ஒரு ஏக்கர் முழுவதும் அதையே போட்டால் 700 கிலோ கவுனியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? அது தினமும் மூன்று வேளை சாப்பிடுகிற அரிசி இல்லையே.

இன்னொன்று, ஆலை. பெரிய அரிசி ஆலைகளில் சிறு அளவு நெல்லைத் தனியாக அரைத்துத் தர மாட்டார்கள், உங்கள் நெல் ஊர் நெல்லோடு கலந்துவிடும். 10 மூட்டை, 5 மூட்டை என்று தனித்தனியாக அரைக்கிற சிறிய ஆலை எங்கே இருக்கிறது, புழுங்கல் போடுவார்களா, தோலை மட்டும் நீக்கித் தருவார்களா என்று நேரில் போய்க் கேட்டு வையுங்கள்.

தழைச்சத்துக் கணக்கு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் தழைச்சத்து, அதாவது ஏறத்தாழ 20 கிலோ. மானிய விலையில் மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைத்துவிடுகிறது. நன்றாக மக்கிய தொழுவுரத்தில் தழைச்சத்து அரை சதவீதம் அளவுதான். அப்படியானால் ஒரு மூட்டை யூரியாவில் இருப்பதைத் தொழுவுரத்தில் கொண்டு வர 4 டன் வேண்டும். அதிலும் முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு பங்குதான், மீதி மெதுவாக அடுத்தடுத்த வருஷங்களில் கிடைக்கும். மாடு வைத்திருப்பவர்களே குறைந்துபோன டெல்டாவில் ஏக்கருக்கு 4, 5 டன் எரு வாங்கி, டிராக்டரில் ஏற்றி, இறக்கி, இறைத்துவிடுவதற்கு ஆகிற செலவை விசாரித்துப் பாருங்கள், தலை சுற்றும்.

சரி, பயிருக்கு எவ்வளவு வேண்டும்? ஒரு டன் நெல் விளைய, வைக்கோலையும் சேர்த்து, பயிர் 15 முதல் 20 கிலோ வரை தழைச்சத்து எடுக்கும். 20 மூட்டை நெல்லுக்கு அதிகபட்சம் 24 கிலோ. 35 மூட்டை வேண்டும் என்றால் 40 கிலோவைத் தாண்டும். இயற்கை முறையில் பாரம்பரிய ரகங்கள் பொருந்திப் போவதற்குப் பெரிய காரணம் இதுதான், அவை கேட்பது குறைவு. கொட்டிக் கொடுத்தாலும் உயரமாக வளர்ந்து சாய்ந்துதான் போகும்.

இப்போது ஜீவாமிர்தத்தைப் பார்க்கலாம். மகாராஷ்டிர விவசாயி சுபாஷ் பாலேக்கர் பரப்பிய முறைப்படி 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு கைப்பிடி வரப்பு மண். நிழலில் வைத்துத் தினமும் காலை மாலை கலக்கிவிட்டால் 48 மணி நேரத்தில் தயார், ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஏக்கருக்கு 200 லிட்டர், பாசனத் தண்ணீரோடு. நல்லது. இதில் போட்ட சாணம், கோமியம், மாவு எல்லாவற்றிலும் இருக்கிற தழைச்சத்தைக் கூட்டிப் பார்த்தால் கால் கிலோவுக்குள்தான் வரும். பயிர் கேட்பது 20 கிலோவுக்கு மேல்! ஜீவாமிர்தம் நுண்ணுயிரைப் பெருக்கத்தான், அந்த நுண்ணுயிர் தின்று மக்க வைப்பதற்கு மண்ணில் தழை இருக்க வேண்டும். வெறும் மண்ணில் ஜீவாமிர்தம் மட்டும் ஊற்றிவிட்டுப் பயிர் மஞ்சளாக நிற்கிறதே என்று கவலைப்படுகிறவர்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம்.

அப்படியானால் 20, 25 கிலோ எங்கிருந்து வரும்? டெல்டாவில் கைக்கு எட்டுகிற வழி பசுந்தாள் உரம், அதாவது ஒரு செடியை வயலிலேயே வளர்த்துப் பச்சையாக மடக்கி உழுவது. தக்கைப்பூண்டு நன்றாக வளர்ந்தால் ஏக்கருக்கு 5, 6 டன் பச்சைத் தழை தரும், அதில் 25 கிலோ அளவுக்குத் தழைச்சத்து இருக்கும். காற்றிலிருந்து வேர் முடிச்சு பிடித்துத் தருவது என்பதால் விதைச் செலவும் உழவுச் செலவும்தான். இதைவிட மலிவாக வேறு எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை.

கோடையிலிருந்து நடவு வரை

சித்திரை, வைகாசியில் மண் மாதிரி எடுங்கள். வயலில் 10, 15 இடங்களில் மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு ஆங்கில 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழக் குழி வெட்டி, குழியின் ஓரத்து மண்ணை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகச் சுரண்டி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் கலந்து நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, அரைக் கிலோ வரும்வரை குறைத்துக்கொண்டே வந்து துணிப்பையில் போட்டுக் கொடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குவித்த இடம் வேண்டாம். அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது அங்கக கரிமம். 0.5 சதவீதத்துக்குக் கீழே என்றால் மண் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம், முதல் வருஷம் எதிர்பார்ப்பையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

கோடை உழவு ஓட்டியதும் வாய்ப்பு இருந்தால் கிடை போடுங்கள். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் என்கிற ஆட்டுமந்தைக்காரர்கள் அறுவடை முடிந்த டெல்டா வயல்களுக்கு ஆடுகளை ஓட்டி வருவார்கள். இரவில் வயலில் அடைத்தால் புழுக்கையும் மூத்திரமும் நேராக மண்ணில் இறங்கிவிடும், வண்டிக் கூலி இல்லை, ஆள் கூலி இல்லை. ஆட்டு எண்ணிக்கையையும் இரவுகளையும் வைத்துக் கூலி பேசுவார்கள். கிடை போட்ட மறுநாளே மேலாக ஓர் உழவு ஓட்டிவிடுங்கள், வெயிலில் கிடந்தால் சத்து காற்றோடு போய்விடும்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கிற நாள் ஜூன் 12. கோடை மழையோ, ஆழ்குழாய்த் தண்ணீரோ, ஆற்றுத் தண்ணீரோ, எதில் ஈரம் கிடைத்தாலும் ஆனி கடைசிக்குள் தக்கைப்பூண்டு விதைத்துவிடுங்கள், ஏக்கருக்கு 20 கிலோ. விதைக்கு வைகாசியிலேயே சொல்லி வைக்க வேண்டும், எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவதால் கிடைக்காமல் போகும். வேளாண் விரிவாக்க மையத்தில் மானியத்தில் வருகிற ஆண்டுகளும் உண்டு, கேட்டுப் பாருங்கள். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருந்த பலதானிய விதைப்பையும் செய்யலாம், அதாவது தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், பசுந்தாள் என்று பலவகையையும் கலந்து விதைத்து மடக்கி உழுவது. கெட்டுப்போன மண்ணுக்கு அது அருமையான மருந்து. ஆனால் நெல் வயலில் தண்ணீர் தேங்கினாலும் தாங்குவது தக்கைப்பூண்டுதான்.

40 முதல் 45 நாளில், பூ எடுக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதுவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் வளரட்டுமே என்று விட்டால் தண்டு நார் ஏறி மக்காது. உழுத பிறகு வயலில் தண்ணீர் கட்டி ஒரு வாரம், பத்து நாள் கழித்துத்தான் நடவு. கால் வைத்தால் இன்னமும் குமிழ் குமிழாக வாயு கிளம்பி அழுகல் நாற்றம் அடிக்கிறது என்றால் பொறுங்கள், அதில் நட்ட நாற்றின் வேர் கறுத்துப்போகும்.

விதையும் நாற்றும்

புதியவர்களுக்கு நான் சொல்வது தூயமல்லி அல்லது கிச்சிலிச் சம்பா. இரண்டும் ஏறத்தாழ 135, 140 நாள், வெள்ளை அரிசி, சன்ன ரகம், தினமும் சமைக்கலாம், ஆறு வீடுகளில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆவணியில் நாற்று விட்டால் பொங்கலை ஒட்டி அறுக்கலாம். மாப்பிள்ளைச் சம்பா 155, 160 நாள், காட்டுயானம் 180 நாள் வரை போகும், ஆளை மறைக்கிற உயரம். இவையெல்லாம் இரண்டாம், மூன்றாம் வருஷத்துக்கு. பாரம்பரிய ரகம்தான் போட வேண்டும் என்று சட்டமும் இல்லை, வெள்ளைப் பொன்னியை இயற்கையில் விளைவிப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். விதைக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கி வைத்த நெல் திருவிழா மாதிரியான விதைத் திருவிழாக்கள் உண்டு, அங்கே 2 கிலோ வாங்கிப் போய்ப் பெருக்கித் திருப்பித் தருகிற வழக்கம் இருந்தது. எங்கே வாங்கினாலும் கையில் அள்ளிப் பாருங்கள். நிறமும் நீளமும் வேறுபட்ட மணிகள் கண்ணில் பட்டால் கலப்பு விதை, வேண்டாம்.

விதைத் தேர்வுக்கு உப்புக் கரைசல் முறை. ஒரு வாளித் தண்ணீரில் ஒரு நாட்டுக்கோழி முட்டையைப் போடுங்கள், அடியில் கிடக்கும். கல் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டே வந்தால் முட்டை எழும்பி, மேல் பரப்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவு மட்டும் தெரிகிற மாதிரி மிதக்கும். அங்கே உப்பை நிறுத்துங்கள். இப்போது விதையைக் கொட்டினால் பதரும் கருக்காயும் அரைப் பால் பிடித்த மணியும் மேலே வந்துவிடும், அரித்து எடுத்து மாட்டுக்கோ கோழிக்கோ போடலாம். அடியில் தங்கிய விதையை இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் அலசாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும், இதை மறக்கவே கூடாது. பிறகு கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கிற பாக்டீரியாத் தூள்) கலந்து இரவு ஊற வைத்து முளைக்கட்டுங்கள். பஞ்சகவ்யம் இருந்தால் 3 சதவீதக் கரைசலில் ஊற வைக்கலாம்.

ஒற்றை நாற்று நடவுக்கு ஏக்கருக்கு 2, 3 கிலோ விதையே போதும், 15 நாள் நாற்று, 25-க்கு 25 சென்டிமீட்டர் இடைவெளி. புத்தகத்தில் அப்படித்தான் இருக்கும். புரட்டாசியில் நட்ட நாலாம் நாள் கனமழை வந்து வயலில் முழங்கால் தண்ணீர் நின்றால் அந்தச் சின்ன நாற்று மூழ்கி அழுகிவிடும் என்பதையும் யோசியுங்கள். வடிகால் சரியாக இல்லாத வயல் என்றால் 5, 6 கிலோ விதை விட்டு, 20, 25 நாள் நாற்றாகக் குத்துக்கு இரண்டு வைத்து நடுவதே புத்திசாலித்தனம். எப்படி நட்டாலும் கயிறு பிடித்து வரிசையாக நடுங்கள். நடவு ஆட்கள் கொஞ்சம் முணுமுணுப்பார்கள், கூலி கூடக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். வரிசை இல்லாவிட்டால் களை எடுக்கும் கருவி ஓடாது, கருவி ஓடாவிட்டால் களைக்கொல்லி இல்லாத வயலில் களையெடுப்புக் கூலியே விளைச்சலைத் தின்றுவிடும்.

நட்ட பிறகு

நட்ட 10, 12 நாளில் முதல் தடவை கோனோவீடர் என்கிற உருளைக் களைக்கருவியை ஓட்டுங்கள், பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை, மூன்று நான்கு தடவை. வயலில் மெல்லிசாகத் தண்ணீர் நிற்க வேண்டும், வறண்டிருந்தால் உருளை சுற்றாது. களையும் மண்ணுக்குள் போய் உரமாகும், வேருக்குக் காற்றும் போகும். முதல் தடவையைத் தள்ளிப்போட்டால் மற்ற மூன்றும் வீண்.

25, 30 நாளில், தூர் கட்டும் சமயம், பயிர் வெளிறினால் பயப்பட வேண்டாம், ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். கடலைப் புண்ணாக்கில் 7 சதவீதம் அளவுக்குத் தழைச்சத்து உண்டு. ஏக்கருக்கு 50 கிலோவை வேப்பம் புண்ணாக்கோடு கலந்து தூவினாலோ, ஊற வைத்துத் தண்ணீரோடு விட்டாலோ இரண்டு வாரத்தில் நிறம் மாறும். விலை அதிகம், அதனால் தேவைப்படுகிற பாத்திக்கு மட்டும். மீன் அமிலம், அதாவது மீன் கழிவும் வெல்லமும் சம அளவு போட்டு மூடி மூன்று வாரத்துக்கு மேல் நொதிக்க வைத்தது, 10 லிட்டருக்கு 50 முதல் 100 மில்லி கலந்து மாலையில் தெளிக்கலாம். கொடுமுடி டாக்டர் நடராஜன் பிரபலமாக்கிய பஞ்சகவ்யம் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி. இவற்றால் பயிர் பச்சை கட்டுவது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அடியுரம் இல்லாத குறையை இவை நிரப்பாது. பக்கத்து வயலின் கரும்பச்சையைப் பார்த்து ஏங்காதீர்கள். அந்தக் கரும்பச்சைக்குத்தான் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் முதலில் வரும்.

பூச்சி விஷயத்தில் முதல் வேலை பார்ப்பது. வாரம் இரண்டு நாள் காலையில் இறங்கி நடந்து, ஆங்காங்கே குத்துகளை விரித்துப் பாருங்கள். சிலந்தி வலையில் பனி தெரிகிறதா, தட்டான் பறக்கிறதா, பொறிவண்டு உண்டா? இருந்தால் ஒன்றிரண்டு சுருட்டிய இலைக்காக எதையும் அடிக்க வேண்டாம். புகையான் என்கிற சாறு உறிஞ்சும் பூச்சி வேறு மாதிரி, அது தண்டின் அடியில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக உட்கார்ந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. குத்தைத் தட்டினால் தண்ணீரில் விழும். கண்டதும் தண்ணீரை வடித்து மூன்று நான்கு நாள் காய விட்டு, பயிரை விலக்கிக் காற்றும் வெயிலும் அடிக்குப் போக வழி செய்யுங்கள். நடும்போதே எட்டடிக்கு ஓரடி இடைவெளி (பட்டம்) விட்டிருந்தால் இந்த வேலை சுலபம். குருத்துப்பூச்சிக்கு, அதன் முட்டையை அழிக்கிற குட்டிக் குளவியான டிரைக்கோகிரம்மாவின் முட்டை அட்டை, இனக்கவர்ச்சிப் பொறி. எலிக்குத் தஞ்சாவூர் கிட்டி என்கிற மூங்கில் பொறி, வைக்கத் தெரிந்த ஆள் ஊரில் இன்னும் இருப்பார், அவரை விடாதீர்கள்.

தெளித்தே ஆக வேண்டும் என்றால் வேப்பங்கொட்டைச் சாறு. 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊற வைத்து, காலையில் பால் மாதிரி வெள்ளையாக வரும்வரை பிழிந்து, வடிகட்டி, 100 லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் காதி சோப்புக் கரைத்துக்கொள்ளுங்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் வரை ஆகும், எனவே 10 கிலோ பருப்பு. அன்றன்றைக்குச் செய்து அன்றே மாலையில் அடிக்க வேண்டும், வெயிலில் வீரியம் போய்விடும். கொட்டை மூன்று மாதத்துக்கு மேல், எட்டு மாதத்துக்குள் பழையதாக இருக்க வேண்டும், ஆகவே ஆனி, ஆடியில் மரத்தடியில் பொறுக்கி நிழலில் காய வைத்தால் ஐப்பசிக்குச் சரியாக இருக்கும். புகையிலைக் கரைசல் பற்றியும் யாராவது சொல்வார்கள். இயற்கை என்பதால் தீங்கில்லை என்று நினைத்துவிடாதீர்கள், நிகோடின் மனிதனுக்கும் விஷம், நன்மை செய்யும் பூச்சிக்கும் விஷம்.

அறுவடை, உளுந்து, சேமிப்பு

தை பிறப்பதை ஒட்டி, அறுவடைக்கு ஐந்தாறு நாள் முன்னால் மண் மெழுகுப் பத ஈரத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 10 கிலோ உளுந்து தெளித்துவிடுங்கள், நெல் அறுத்த தரிசுக்கு ஆடுதுறை 3 என்கிற உளுந்து ரகம் ஏற்றது. அறுவடை இயந்திரம் இறங்குவதானால் முளை தலை தூக்கும் முன்னால் அறுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சக்கரம் நசுக்கிவிடும். சாய்ந்த பயிருக்கு இயந்திரம் கூடுதல் நேரம் எடுக்கும், மணிக்கணக்கில் வாடகை என்பதால் செலவு ஏறும். பாரம்பரிய ரகத்தின் நீள வைக்கோலுக்கு மாட்டுக்காரர்களிடம் நல்ல கிராக்கி உண்டு, கையால் அறுத்தால்தான் அதை முழுசாக எடுக்க முடியும்.

நெல்லைக் கடித்தால் டக்கென்று உடைகிற அளவுக்குக் காய வைத்து, நெல்லாகவே சேமியுங்கள். தீட்டாத அரிசி சீக்கிரம் வண்டு பிடிக்கும், தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சிக்கு வாடையும் வரும். மாதாமாதம் ஒரு மூட்டை, இரண்டு மூட்டை என்று தேவைக்கு அரைத்துக் கொடுத்தால் வாங்குகிறவர்களுக்கும் திருப்தி. அடுத்த வருஷ விதைக்கு, வயலின் நடுவில் சாயாமல் நின்ற இடத்துக் கதிரை அறுவடைக்கு முன்பே தனியாக எடுத்துவிடுங்கள்.

சான்றிதழ் வேண்டுமா?

ஆறு வீட்டுக்கு விற்பதற்குத் தேவையில்லை, அவர்களை வயலுக்குக் கூட்டி வந்து காட்டினாலே போதும். கடைக்கோ ஏற்றுமதிக்கோ போவதென்றால் வேண்டும். ஒன்று, மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபேடா வழியாக நடக்கும் தேசிய அங்கக உற்பத்தித் திட்டத்தின் மூன்றாம் தரப்புச் சான்று. தமிழ்நாட்டில் விதைச்சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறையே இதைச் செய்கிறது. இன்னொன்று, குறைந்தது ஐந்து உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சரிபார்க்கிற பங்கேற்பு உத்தரவாத முறை, செலவு குறைவு. ஒருபருவப் பயிர்களுக்கு மாற்றுக் காலம் இரண்டு வருஷம், தென்னை மாதிரிப் பல்லாண்டுப் பயிருக்கு மூன்று. என்றைக்காவது வாங்கலாம் என்று தோன்றினாலும் இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள், மாற்றுக் காலம் ஓடத் தொடங்கட்டும். வயலில் போட்டது, அடித்தது, வாங்கிய ரசீது எல்லாம் ஒரு நோட்டில் தேதியோடு இருக்க வேண்டும்.

லாபமும் பாடும்

நல்லது என்னவென்றால், கடைச் செலவு குறையும், பூச்சி மருந்துக் கடன் இருக்காது. விஷத்தை முதுகில் சுமந்து மூச்சில் இழுக்கிற வேலை உங்களுக்கும் கூலிக்கு வருகிறவருக்கும் இல்லை. என்னைக் கேட்டால் சாப்பிடுகிறவரின் ஆரோக்கியத்தைவிட இதுதான் பெரிய ஆதாயம், ஏனோ இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அரிசியில் மருந்து எச்சம் குறையும் என்பது நிச்சயம், சர்க்கரை நோய் தீரும், புற்றுநோய் வராது என்றெல்லாம் பொட்டலத்தில் எழுதி விற்காதீர்கள். மண்ணில் கரிமம் ஏற ஏறத் தண்ணீர் பிடித்து வைக்கும் தன்மை கூடும், மூன்று நான்கு வருஷத்தில் உழும்போதே வித்தியாசம் தெரியும்.

கெட்டது, விளைச்சல் குறையும். ரசாயனத்தில் 30, 35 மூட்டை எடுத்த வயலில் முதல் இரண்டு மூன்று வருஷம் 15 முதல் 20 மூட்டைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஏறினாலும் பழைய அளவைத் தொடுவது ரகத்தைப் பொறுத்தது. கையிலிருந்து போகிற பணம் குறைந்தாலும் உழைப்பு கூடும், ஆள் கிடைக்காத ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை. பத்து கிலோமீட்டர் தள்ளி வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் வந்து பார்க்கிறவருக்கு இது சரிப்படாது, ஏனென்றால் இந்த முறையில் மருந்தின் இடத்தில் இருப்பது உங்கள் கண்தான்.

குத்தகைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. வருஷா வருஷம் புதுப்பிக்கிற வாய்மொழிக் குத்தகையில் இதில் இறங்காதீர்கள். மூன்று வருஷம் தக்கைப்பூண்டு போட்டு, கிடை போட்டு மண்ணைத் தேற்றுவீர்கள், நாலாம் வருஷம் நிலத்துக்காரர் வேறு ஆளுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டால் உங்கள் முதல் எல்லாம் அந்த மண்ணிலேயே கிடக்கும். குறைந்தது ஐந்து வருஷத்துக்கு எழுத்தில் வாங்க முடிந்தால் தொடங்குங்கள். முடியாது என்று அவர் சொன்னால், அதே வயலில் பசுந்தாள் மட்டும் போட்டு யூரியாவைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு, சொந்த நிலமோ நீண்ட குத்தகையோ கிடைக்கும்வரை அப்படியே ஓட்டுங்கள்.